வானத்துக்கு எக்ஸ்ரே: அதில் பட்டறைக்கும் பங்கு உண்டு

(இறுதியாண்டு இயந்திரவியல் பட்டய மாணவன் எழுதுவது)



ஆண்டு மலர் என்றால் நாலு காதல் கவிதை, ஆறு அரியர் ஜோக்கு, கடைசிப் பக்கத்தில் "உழைப்பே உயர்வு" என்று ஒரு கட்டுரை. இதுதான் வழக்கம். நான் இந்த முறை ஒரு கருவியைப் பற்றி எழுதுகிறேன். செயற்கைக்கோளில் வைத்து, நம் காற்று மண்டலத்திலிருந்து வெளியே வரும் எக்ஸ்ரேயைப் படம் பிடிக்கும் கருவி. இதைச் சொன்னதும் "அது நாசா சமாச்சாரம், நமக்கு எதுக்குப்பா" என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். அந்தக் கருவியில் பாதி வேலை பட்டறை வேலை. அதாவது நம்ம வேலை. அதில் டிப்ளமோக்காரனுக்கு இடம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். வீட்டில் எக்ஸ்ரே என்றால் பெரியாஸ்பத்திரி, நெஞ்சுச் சளி, கறுப்பு ஃபிலிம். அவ்வளவுதான் தெரியும். நான் இந்தக் கருவியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அப்பத்தா, "ஏய்யா, வானத்துக்கு என்ன சீக்கு, எக்ஸ்ரே எடுக்கிறாக?" என்று கேட்டது. சிரிக்க வேண்டாம், நல்ல கேள்வி. ஆஸ்பத்திரியில் மிஷின் எக்ஸ்ரேயை அனுப்புகிறது, உடம்பு தடுக்கிறது, ஃபிலிமில் நிழல் விழுகிறது. வானத்தில் அப்படி இல்லை. அங்கே காற்றே எக்ஸ்ரேயை உண்டாக்குகிறது.

எப்படி? பூமியைச் சுற்றிக் காந்தப் புலத்தில் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்கள் இரண்டு பெரிய வளையங்களாகச் சுழல்கின்றன. 1958-ல் எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளில் வான் ஆலன் வைத்த கைகர் கருவிதான் இந்தக் கதிர்வீச்சு வளையங்களை முதலில் காட்டிக் கொடுத்தது. அந்த வளையங்களிலிருந்து எலக்ட்ரான்கள் சில நேரம் கீழே கொட்டும். அப்படிக் கொட்டுகிறவை வடக்கிலும் தெற்கிலும் துருவத்துக்குப் பக்கத்தில், 100 கி.மீ.க்கும் கீழே வந்து காற்றில் மோதிப் பிரேக் அடித்தாற்போல நிற்கும். லாரி பிரேக் அடித்தால் டயர் சூடாவதுபோல, எலக்ட்ரான் பிரேக் அடித்தால் எக்ஸ்ரே பிறக்கிறது. எலக்ட்ரானின் மொத்த சக்தியில் நூற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவுதான் இப்படி எக்ஸ்ரே ஆகிறது. மீதியெல்லாம் காற்றைச் சூடாக்கியும் மூலக்கூறுகளை உடைத்தும் போய்விடும். இருந்தாலும் அந்தக் கொஞ்சம் போதும். விழுகிற எலக்ட்ரானை விழுந்த இடத்திலேயே பார்க்க முடியாத நமக்கு, அந்த எக்ஸ்ரேதான் தகவல் சொல்கிறது.

இதை முதலில் தெளிவாகப் பிடித்தது ராக்கெட் இல்லை, ஒரு பலூன். 1957 ஜூலை 1 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் பக்கத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விங்க்ளரும் பீட்டர்சனும் காஸ்மிக் கதிர்களை எண்ணுவதற்காக ஒரு பலூனை விட்டிருந்தார்கள். அன்று துருவ ஒளி வந்தது. கூடவே பலூனில் இருந்த கருவி தாறுமாறாக எண்ண ஆரம்பித்தது. ஒன்றைத் தேடப் போய் வேறொன்று மாட்டியது. தரையில் உட்கார்ந்து இதை அளக்கவே முடியாது. இந்த எக்ஸ்ரேயைக் கீழே இருக்கும் கெட்டியான காற்று விழுங்கிவிடும். ஒன்று பலூனில் 30 கி.மீ.க்கு மேல் போக வேண்டும், இல்லையென்றால் செயற்கைக்கோளில் இருந்து கீழே பார்க்க வேண்டும்.

பலூன் வழி இன்றைக்கும் மட்டமான வழி இல்லை. 2013, 2014 ஜனவரி மாதங்களில் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ராபின் மில்லன் தலைமையில், 'பாரல்' என்ற திட்டத்தில், அண்டார்டிகாவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக பலூன்களை விட்டு வரிசையாக மிதக்க வைத்து எண்ணினார்கள். ஆனால் பலூன் என்பது இருந்த இடத்தில் எத்தனை என்று சொல்லும். மழைமானி மாதிரி. எங்கள் ஊரில் 4 செ.மீ. மழை என்று மழைமானி சொல்லும். பக்கத்து ஊரில் பெய்ததா, மேகம் எவ்வளவு அகலம் என்று அதற்குத் தெரியாது. அதற்குப் படம் வேண்டும்.

"படம் கிடைத்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கலாம். வளையத்தில் எலக்ட்ரான் அதிகமாகும் நாட்களில் செயற்கைக்கோள்களுக்கு ஆபத்து. 1994 ஜனவரி 20-ஐ ஒட்டி கனடாவின் அனிக் ஈ1, அனிக் ஈ2 என்ற இரண்டு தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் அடுத்தடுத்துத் தடுமாறின. அதிவேக எலக்ட்ரான்கள் உள்ளே ஏற்றிய மின்சாரம்தான் காரணம் என்று கண்டார்கள். முதலாவது சில மணி நேரத்தில் சரியானது. இரண்டாவதை மீட்கப் பல மாதங்கள் ஆயின. இந்த வளையம் எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று தெரிய வேண்டுமானால் கொட்டுகிறது எவ்வளவு என்று தெரிய வேண்டும். எவ்வளவு என்பதற்கு, ஒரு இடத்து எண்ணிக்கையை மொத்தப் பரப்பால் பெருக்க வேண்டும். பரப்பு தெரியாமல் எதைப் பெருக்குவது? இன்னொன்று, எலக்ட்ரான்கள் காற்றின் நைட்ரஜனை உடைத்து நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாக்குகின்றன. துருவத்தின் நீண்ட குளிர்கால இருட்டில் அது கீழே இறங்கி ஓசோனைத் தின்கிறது. வருடத்துக்கு எவ்வளவு தின்கிறது என்ற கணக்கிலும் அதே பரப்புதான் தொக்கி நிற்கிறது. ஆக, "எத்தனை?" என்ற கேள்விக்கு 1957-லேயே பதில் வர ஆரம்பித்துவிட்டது. "எவ்வளவு அகலம்?" என்ற கேள்விதான் பாக்கி.

பெரிய செயற்கைக்கோள்கள் முயன்றன. 1991 செப்டம்பரில் டிஸ்கவரி விண்கலம் கொண்டுபோய் விட்ட 'யூஏஆர்எஸ்' ஆறு டன்னுக்கு மேல். அதில் 'ஆக்ஸிஸ்' என்ற பெயரில் காற்று மண்டல எக்ஸ்ரேக்கென்றே ஒரு கருவி இருந்தது. 1996 பிப்ரவரி 24-ல் ஏவிய 'போலார்' செயற்கைக்கோளில் 'பிக்ஸி' என்ற எக்ஸ்ரே கேமரா. அதைத்தான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஊசித்துளைக் கேமரா. ஆமாம், ஆறாம் வகுப்பில் அட்டைப்பெட்டியில் செய்தோமே, அதே தத்துவம்!

ஏன் லென்ஸ் போடவில்லை? இந்த அளவு வலுவான எக்ஸ்ரேயைக் கண்ணாடி லென்ஸ் வளைக்காது. ஊடுருவிப் போகும், இல்லையென்றால் உள்ளேயே நின்றுவிடும். அதனால் ஒரே வழி நிழல். ஓலைக் கூரை வீட்டில் இருந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். மத்தியானம் கூரைப் பொத்தல் வழியே வெயில் தரையில் வட்டக் காசு காசாக விழும். பொத்தல் கோணல்மாணலாக இருந்தாலும் காசு வட்டமாகத்தான் இருக்கும். ஏன்? அது பொத்தலின் படம் இல்லை, சூரியனின் படம். கிரகண நாளில் பாருங்கள், அத்தனை காசும் பிறையாகிவிடும்.

ஒரு பொத்தல் என்றால் படம் தெளிவு, ஆனால் வெளிச்சம் போதாது. வானத்து எக்ஸ்ரே ஏற்கெனவே கஞ்சத்தனமாக வருவது. எண்ணிக்கை வேலையில் 100 எண்ணினால் 10 வரை முன்னே பின்னே இருக்கும் என்பது விதி. 4 எண்ணினால் 2 முன்னே பின்னே. அதை வைத்து என்ன படம் பார்ப்பது? பொத்தலைப் பெரிதாக்கினால் எண்ணிக்கை கூடும், படம் கலங்கும். சரி, நிறையப் பொத்தல் போட்டால்? படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து குழம்பும். இங்கேதான் 1968-ல் டிக்கி, ஏபிள்ஸ் என்ற இருவர் தனித்தனியாக ஒரு யோசனை சொன்னார்கள். பொத்தல்களை எங்கெங்கே போட்டோம் என்று நமக்குத் தெரியும் அல்லவா? அந்தத் தெரிந்த கோலத்தை வைத்துக் கணக்குப் போட்டால் குழம்பிய நிழலிலிருந்து அசல் படத்தைப் பிரித்து எடுத்துவிடலாம். தகட்டில் பாதிக்குப் பாதி ஓட்டை இருக்கலாம். இதைக் குறித்துளைத் தகடு என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். நல்ல பெயர் யாராவது சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

இந்தத் தகட்டோடு காட்மியம் ஜிங்க் டெல்லுரைடு என்ற படிகத்தைச் சேர்த்தால் கருவி சின்னதாகிவிடுகிறது. பழைய ஜெர்மானியம் உணர்விகளைக் கடுமையாகக் குளிர வைக்க வேண்டும். இந்தப் படிகம் அறை வெப்பத்திலேயே வேலை செய்யும். அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மார்ஷல் தலைமையில் உருவாக்கிய 'ஏபெக்ஸ்' இதற்கு உதாரணம். அதில் இருப்பதும் 'ஆக்ஸிஸ்' என்ற பெயருள்ள கருவிதான், 1991-ன் பெயரே மறுபடி வந்துவிட்டது. இந்தப் படிகமும் குறித்துளைத் தகடும் சேர்ந்த அந்தக் கேமராவை வைத்திருப்பது 6 யூனிட் க்யூப்சாட். ஏறக்குறைய 10 செ.மீ., 20 செ.மீ., 30 செ.மீ. செருப்புக் கடை அட்டைப்பெட்டி அளவு! க்யூப்சாட் என்ற 10 செ.மீ. கட்ட அளவையே 1999-ல் மாணவர்கள் செய்து பழகட்டும் என்றுதான் இரண்டு பேராசிரியர்கள் கொண்டு வந்தார்கள்.

சின்னது என்றால் பொம்மை என்று நினைப்பவர்களுக்காக நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏபெக்ஸின் அளவுகள் இல்லை இவை, சுலபத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. துளை 2.5 மி.மீ., தகட்டுக்கும் உணர்விக்கும் இடைவெளி 100 மி.மீ. அதாவது நாற்பதில் ஒரு பங்கு. செயற்கைக்கோள் 500 கி.மீ. உயரம், எக்ஸ்ரே பிறப்பது 80 கி.மீ. உயரம், வித்தியாசம் 420 கி.மீ. அதில் நாற்பதில் ஒன்று, 10.5 கி.மீ. சுமார் பத்து கி.மீ. அளவுள்ள திட்டுகளைப் பிரித்துப் பார்க்கலாம். இதே பெட்டியை போலார் செயற்கைக்கோள் போன அதிகபட்ச உயரத்தில், சுமார் 51,000 கி.மீ.யில் வைத்தால்? 1,275 கி.மீ. தமிழ்நாடு முழுவதும் ஒரே புள்ளிக்குள் போய்விடும்!

உயரத்தில் இருப்பதற்கும் ஒரு லாபம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. போலார் மணிக்கணக்கில் துருவம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது. தாழப் பறக்கும் சின்னதோ நொடிக்கு 7 கி.மீ.க்கு மேல் ஓடும், ஒரு திட்டின் மேல் ஒரு நிமிடம்கூட நிற்காது. ஒரு நொடிக்கும் குறைவாக வெடித்து அடங்கும் எலக்ட்ரான் தெறிப்புகள் உண்டு. அவற்றின் அகலத்தை அளக்கத்தான் 2015 ஜனவரி 31-ல் ஃபயர்பேர்டு 2 என்று இரண்டு குட்டிச் செயற்கைக்கோள்களை அமெரிக்காவின் மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகங்கள் ஏவின. இரண்டும் ஒரே தெறிப்பை ஒரே நேரத்தில் பார்த்தால் அகலம் குறைந்தது இவ்வளவு என்று சொல்லலாம். படம் பிடிக்கும் பெட்டி இதையே ஒற்றையாகச் செய்யும். எனக்குத் தோன்றுவது, ஆறு டன்னில் ஒன்று செய்து இருபது வருடம் காத்திருப்பதைவிட அட்டைப்பெட்டி அளவில் பத்து செய்து வெவ்வேறு நேரத்தில் ஓட விடுவது மேல். ஒன்று கெட்டால் ஒன்பது இருக்கும்.

இப்போது பட்டறைக்கு வருவோம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

தகட்டுக்கு எக்ஸ்ரேயை நிறுத்தும் கனமான உலோகம் வேண்டும். டங்ஸ்டன் போடுவார்கள். ஒரு கன செ.மீ. 19.3 கிராம், இரும்பைப்போல இரண்டரை மடங்கு கனம். நம்ம ஷாப்பில் உள்ள ஹெச்.எஸ்.எஸ். டிரில் பிட்டை அதில் வைத்தால் பிட்டு போகும், தகடு விரிசல் விடும். வயர்கட் மிஷினில் மின்பொறியால் அரித்து எடுப்பார்கள். அதற்கும் கம்பியைக் கோக்க முதலில் ஒரு சின்ன ஓட்டை வேண்டும். இன்னொரு சிக்கல் கணக்குப் புத்தகத்தில் இருக்காது, கையில் வெட்டியவனுக்குத்தான் தெரியும். லாரி நம்பர் எழுதத் தகட்டில் 8 வெட்டிப் பாருங்கள், நடுவில் உள்ள இரண்டு துண்டும் கீழே விழுந்துவிடும். பெயிண்டர் அண்ணன் அதற்காக நடுவில் பாலம் விட்டு வெட்டுவார். குறித்துளைத் தகட்டிலும் சுற்றிலும் ஓட்டை வந்து நடுவில் தனியாக நிற்கும் கட்டங்கள் உண்டு. பாலம் விட வேண்டும். பாலம் விட்டால் ஓட்டை சுருங்கும், எக்ஸ்ரே குறையும். பாலம் மெலிந்தால் ராக்கெட் அதிர்வில் ஒடியும். எத்தனை மில்லி பாலம்? இதைத் தீர்மானிப்பது டூல்ரூம் அனுபவமா, வானியல் பட்டமா, நீங்களே சொல்லுங்கள்.

கவசமும் அப்படித்தான். செயற்கைக்கோள் பறப்பதே எலக்ட்ரான்கள் விழும் பாதையில். அவை பெட்டியின் சுவரில் மோதினால் சுவரிலேயே எக்ஸ்ரே பிறந்து, வானத்திலிருந்து வந்ததுபோல நம்மை ஏமாற்றும். "ஆஸ்பத்திரியில் ஈயம்தானே வைக்கிறார்கள், ஈயத்தைச் சுற்று" என்று தோன்றும். வெளியே ஈயம் வைத்தால் வம்பு. கனமான அணுவில் மோதினால் எக்ஸ்ரே அதிகம் பிறக்கும். அதனால் வெளியே பிளாஸ்டிக், அலுமினியம் போன்ற லேசான பொருள் வைத்து எலக்ட்ரானை மெதுவாக நிறுத்த வேண்டும். உள்ளடுக்கில் கனமான உலோகம் வைத்து மிச்ச எக்ஸ்ரேயைத் தடுக்க வேண்டும். அடுக்கு மாறினால் கருவி கெட்டது. அசெம்பிளி டிராயிங்கில் வரிசை எண் ஏன் போடச் சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் இதை நினைத்துப் பார்க்கவும். அப்புறம் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருளைக் காட்டி, அது தரும் 59.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரைக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். தராசுக்குப் படிக்கல் வைப்பது மாதிரி.

"சரிடா, துருவத்தில் கொட்டுகிறது, நமக்கென்ன?" என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயம்தான். வளையத்து எலக்ட்ரான் மழை நம்ம ஊர் வானத்தில் பெய்யாது. ஆனால் காற்றிலிருந்து எக்ஸ்ரே வர இன்னொரு வாசல் இருக்கிறது, அது இடிமேகம். மேகத்துக்குள் இருக்கும் மின்னழுத்தம் எலக்ட்ரான்களை ஓட்டி, அவை காற்றில் மோதி, அதே பிரேக் கதைதான். விண்வெளியில் இருந்த காம்ப்டன் ஆய்வுக்கூடம் மின்னல் மேகங்களிலிருந்து காமாக் கதிர் மின்னி மறைவதைப் பிடித்தது, 1994-ல் வெளியிட்டார்கள். 2018 ஏப்ரல் 2-ல் ஐரோப்பியர்கள் 'ஆசிம்' என்ற 314 கிலோ கருவித் தொகுப்பை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதில் இதே காட்மியம் ஜிங்க் டெல்லுரைடு, இதே குறித்துளைத் தகடு, 16,384 கட்டங்கள், கீழே இடிமேகத்தைப் பார்த்தபடி.

இப்போது ஒரு விசேஷம். நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதில் ஒரு கருவி, அதே படிகம், அதே வகைத் தகடு, கட்டங்களும் அதே 16,384! ஒரே வித்தியாசம், அது மேலே நட்சத்திரங்களைப் பார்க்கச் செய்தது. ஆக இந்த வித்தை இந்தியாவுக்குத் தெரியாதது இல்லை. இடியும் மின்னலும் நமக்குக் குறைவா? ஊட்டியில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ் 3 நிலையம், 2014 டிசம்பர் 1-ல் வந்த ஒரு இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியுவான் துகள்களை வைத்து அளந்து 2019-ல் அறிவித்தது. அங்கே அளந்த கருவி எது தெரியுமா? 6 மீட்டர் நீளம், 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுர இரும்புக் குழாய்கள், 3,712. கேட் செய்யும் வெல்டிங் பட்டறையில் சாத்தி வைத்திருக்கும் சதுரக் குழாயின் அண்ணன்! அதற்குள் ஒரு கம்பி, வாயு. உலகம் திரும்பிப் பார்த்த அளவை அதில் வந்தது. மேலே பார்த்த கேமராவைக் கீழே திருப்பி, நம் பக்கத்து இடிமேகங்களைப் படம் பிடிக்கச் சின்னதாக ஒன்று செய்ய வேண்டும். இதுவே என் கோரிக்கை.

யார் செய்வது? இங்கே மனசு கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்ட் என்று ஒன்று இருக்கிறது. பல ஊர்களில் அதைக் கடையில் விற்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து பணம் கட்டினால் ஓடுகிற மாடல், டைப் அடித்த ரிப்போர்ட், வைவாவுக்கு இரண்டு பக்கக் கேள்வி பதில், எல்லாம் ஒரே பையில். எனக்குத் தெரிந்த ஒருவன் வீட்டில் இதற்காகக் கிடாயை விற்றார்கள். நானும் வீட்டில் விலையைச் சொன்னேன். எங்கப்பா சூளையில் கல் அறுப்பவர், கையெழுத்து மட்டும் போடுவார். "காசு குடுத்து வாங்குறதுக்கு நீ எதுக்குடா மூணு வருசம் படிச்ச?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைக்காரர்களிடமும் இருக்காது.

நாங்கள் மூன்று பேர், இரண்டு மெக்கானிக்கல், ஒரு எலக்ட்ரானிக்ஸ், குறித்துளைத் தகட்டை வெளிச்சத்தில் செய்து பார்த்தோம். 1.6 மி.மீ. இரும்புத் தகடு ஸ்கிராப்பில் கிடைத்தது. 11-க்கு 11 கட்டம், மொத்தம் 121, அதில் 60 ஓட்டை. கட்டம் 6 மி.மீ., ஓட்டை 4 மி.மீ. வட்டம். வட்டமாகப் போட்டதால் எந்தத் துண்டும் விழாது, பாலம் தானாக வந்துவிடும். கறுப்புப் பெயிண்ட் அடித்த அட்டைப்பெட்டி, பின்னால் பட்டர் பேப்பர் திரை, அதைப் படமெடுக்க ஒரு செல்போன். எதிரே இரண்டு சின்ன பல்பு. திரையில் விழுந்ததைப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும், தலையும் புரியாது காலும் புரியாது. எலக்ட்ரானிக்ஸ் நண்பன் எழுதிய புரோகிராமில் அதைக் கொடுத்தால் இரண்டு பல்பும் தனித்தனியாக வந்து நிற்கின்றன! மூன்றாவதாக வைத்த மங்கல் பல்பு ஏதோ தெரிகிற மாதிரி தெரிந்தது. பிறகு சோதனைக்காகவே இன்னொரு தகட்டில் ஒரு வரிசையை மட்டும் 1 மில்லி தள்ளித் துளை போட்டோம். படத்தில் இல்லாத இடத்தில் மங்கலாக ஒரு பல்பு முளைத்தது. அதாவது ஃபிட்டர் 1 மில்லி தள்ளினால் விஞ்ஞானி இல்லாத மழையைப் பார்ப்பார். டாலரன்ஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை.

"டிப்ளமோவுக்கு இதெல்லாம் ஓவர்" என்று சொல்பவர்கள் உண்டு. இஸ்ரோவில் டிப்ளமோ படித்தவர்களை டெக்னிக்கல் அசிஸ்டெண்ட் என்று எடுக்கிறார்கள், அவர்கள் கை படாமல் ராக்கெட் போவதில்லை. ஆனால் எடுத்த பிறகுதான் கருவியைத் தொட வேண்டும் என்று ஏன்? தமிழ்நாட்டில் மாணவர்கள் கை வைத்த செயற்கைக்கோள்கள் போயிருக்கின்றன. 2009-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட், 2011-ல் எஸ்.ஆர்.எம்.சாட், 2016-ல் சத்யபாமாசாட், 2017-ல் கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியுசாட். நல்லது, பெருமைதான். இந்த நான்கிலும் பாலிடெக்னிக் என்ற பெயர் இல்லை.

செலவு? செயற்கைக்கோள் முழுவதும் செய்ய வேண்டியதே இல்லை. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசி அடுக்கு வேலை முடிந்ததும் சும்மா சுற்றும். அதையே மேடையாக்கி 'போயம்' என்று பெயர் வைத்து மற்றவர்களின் சின்னக் கருவிகளையும் இஸ்ரோ ஏற்றுகிறது. 2024 டிசம்பர் 30-ல் போன பி.எஸ்.எல்.வி. சி60-ன் மேடையில் 24 கருவிகள், அதில் 10 இஸ்ரோவுக்கு வெளியே உள்ளவர்களுடையவை, கல்லூரிகளும் அதில் உண்டு. மின்சாரம் அவர்கள் கொடுப்பார்கள், தகவலை அவர்கள் இறக்குவார்கள். நாம் கருவியை மட்டும் கொண்டு போக வேண்டும். ஒரு பொறியியல் கல்லூரி, ஒரு டூல்ரூம், இரண்டு பாலிடெக்னிக் சேர்ந்தால் ஒரு குட்டிக் கேமராவை எடுத்துச் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன். படிகம் வெளியில் வாங்க வேண்டியதுதான். தகடு, கவசம், கூடு, அதிர்வுச் சோதனைக்கான பிடிமானம், இதெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மாணவர் பேரவைக்கு நான் வைக்கும் கோரிக்கை சின்னது. அடுத்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்களுக்கு மெக்கானிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து ஒரே புராஜெக்ட் செய்ய அனுமதி வாங்கித் தர வேண்டும். இப்போது துறைக்குத் துறை தனித்தனி ரிப்போர்ட் என்பதால், எங்கள் நண்பனின் புரோகிராமை எங்கள் ரிப்போர்ட்டில் சேர்க்க வழியில்லை. இரண்டாவது, ஒரு முறை வயர்கட் வெட்டுக் கூலியைப் பேரவை நிதியில் கொடுக்க வேண்டும், விளையாட்டு விழா கோப்பைகளில் இரண்டைக் குறைத்தால் போதும். கோப்பை வாங்குகிறவர்கள் கோபிக்க வேண்டாம்.

எங்களுடைய தகடு மெஷின் ஷாப்பில், இரண்டாவது லேத்துக்குப் பின்னால் உள்ள ஜன்னலில் இருக்கிறது. மார்ச் வரை நாங்கள் இருப்போம். அதற்குப் பிறகு அதை எடுத்துக்கொள்ள இரண்டாம் ஆண்டில் யாராவது வேண்டும். வருகிறவர்கள் மாலை நாலரைக்கு மேல் வரவும். 4 மி.மீ. டிரில் பிட்டு இருந்தால் கையோடு கொண்டு வரவும், எங்களிடம் இருந்த மூன்றும் தேய்ந்துவிட்டன.